ரியோ இலையின் அடித்தோல்

ஆய்வுகூடத்தின் பின்சுவரை ஒட்டி ரியோச் செடிகள் வரிசையாக நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். இலையின் மேற்பக்கம் பச்சை, கீழ்ப்பக்கம் கத்தரிப்பூ நிறம். உயர்தர உயிரியல் வகுப்பின் முதலுருச்சுருக்கச் செய்முறைக்காகவே அவை அங்கு வளர்ந்தன. கலத்திலிருந்து நீர் வெளியேற, மென்சவ்வும் அதற்குள் இருப்பவையுமான முதலுரு சுவரை விட்டுச் சுருங்குவதே முதலுருச்சுருக்கம். கலமென்சவ்வு என்றால் என்ன என்பதை அந்த இலை காட்டிய அளவுக்கு எந்தப் படமும் காட்டியதில்லை.

கத்தரிப்பூ நிறத்தைத் தருவது அந்தோசயனின் என்ற நிறப்பொருள். அது கலத்தின் சாற்றுப் பையான புன்வெற்றிடத்துக்குள் கரைந்து கிடக்கிறது. உயிருள்ள மென்சவ்வைத் தாண்டி வெளியே வராது. ஆகவே நிறம் எதுவரை நிற்கிறதோ அதை ஒட்டியே மென்சவ்வும் நிற்கிறது. சாயம் ஏற்றாமலே எல்லை கண்ணுக்குத் தெரிகிறது.

பாதிக் கலங்கள் சுருங்கும் சீனிச் செறிவைக் கண்டுபிடிப்பதே செய்முறை. முதல் வேலை கரைசல். 34.2 கிராம் சுக்குரோசை முகவையில் கொஞ்ச நீரில் கரைத்து, 100 மில்லிலீற்றர் கனமானக் குடுவைக்கு மாற்றி, குறி வரை நீர் விட்டால் 1 மூலர் கரைசல். 100 மில்லிலீற்றர் நீரை அளந்து அதற்குள் சீனியைக் கொட்டுபவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தார்கள். அப்போது கனவளவு 120 மில்லிலீற்றரைத் தாண்டிவிடும். அதன் பிறகு வரும் எல்லா எண்களும் பிழை. இந்தக் கரைசலில் 2, 3, 4, 5, 6 மில்லிலீற்றர் எடுத்து, ஒவ்வொன்றையும் நீரால் 20 ஆக்கினால் 0.10 முதல் 0.30 மூலர் வரை ஐந்து கிண்ணங்கள். முதல்நாள் கரைசலை வைத்திருந்து பாவிக்கக்கூடாது, புளித்துவிடும்.

இலையை மடித்து முறித்து இழுத்தால் கீழ்மேற்றோல் மெல்லிய தாளாக உரிந்து வரும். பச்சை ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். 5 மில்லிமீற்றர்ச் சதுரங்களாக வெட்டி, கரைசலில் முழுவதும் அமிழ்த்தி, 20 நிமிடம் வைக்க வேண்டும். மிதந்தால் ஒரு பக்கம் மட்டுமே கரைசலைக் காணும். அடுத்த படியில்தான் பாதிப்பேர் தவறுவார்கள்: கண்ணாடி வழுக்கியில் வைக்கும்போது பழக்கதோஷத்தில் ஒரு துளி நீர் விடுவது. சுருங்கிய கலங்கள் எண்ணி முடிப்பதற்குள் மறுபடி நிரம்பிவிடும். எந்தக் கரைசலில் ஊறியதோ அதே கரைசலின் துளியைத்தான் விட வேண்டும்.

நுணுக்குக்காட்டியில் நிறமுள்ள கலங்களை மட்டும் எண்ணுவோம். உரிக்கும்போது கிழிந்த கலம் நிறத்தை இழந்துவிடும். மென்சவ்வு செத்த கலத்தில் சுருங்குவதற்கு எதுவும் இல்லை. மூலைகளில் சற்றே விலகியிருந்தாலும் அது சுருங்கிய கலம்தான். சுருங்கிய கலங்களின் வீதத்தைச் செறிவுக்கு எதிரே வரைந்து 50 வீதத்தில் கோடு இழுத்தால், சராசரிக் கலம் ஒன்றின் முதலுரு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் செறிவு கிடைக்கும். அங்கே சுவர் திருப்பி அமுக்குவதில்லை. அமுக்க அழுத்தம் பூச்சியம். அதனால் உள்ளேயுள்ள கரைய அழுத்தமும் (கரைந்த பொருட்கள் நீரை இழுக்கும் அளவு, எதிர்க்குறியில் எழுதுவோம்) வெளிக்கரைசலின் கரைய அழுத்தமும் ஒன்று. 0.20 மூலரில் பாதி வந்தால், 20 பாகை செல்சியசுக்கான அட்டவணையில் அது சுமார் −540 கிலோபஸ்கால்.

“சுவருக்கும் சுருங்கிய முதலுருவுக்கும் இடையில் என்ன இருக்கிறது?” வாய்மொழிப் பரீட்சையில் தவறாமல் வரும் கேள்வி. வெற்றிடம் என்பார்கள், நீர் என்பார்கள். அங்கே இருப்பது சுக்குரோசுக் கரைசல். செலுலோசுச் சுவர் அதைத் தடுப்பதில்லை. தடுப்பது ஏழெட்டு நானோமீற்றர் தடிப்புள்ள மென்சவ்வு மட்டுமே.

அந்தத் தடிப்புக்குள் பொசுபோலிப்பிட்டுகள் என்ற கொழுப்பு மூலக்கூறுகள் இரு படைகளாக, நீர்வெறுப்பு வால்கள் உள்நோக்கி அடுக்கியிருக்கின்றன. 1925 இல் ஒல்லாந்தில் கோர்ட்டரும் கிரெண்டலும் செங்குருதிக் கலங்களின் இலிப்பிட்டை, அதாவது கொழுப்பை, பிரித்து நீர்மேல் பரப்பி, கலப் பரப்பைப் போல் இரு மடங்கு கண்டார்கள். இலிப்பிட்டும் முழுதாக வரவில்லை, கலப் பரப்பையும் குறைத்தே கணித்திருந்தார்கள். இரண்டு பிழையும் ஈடுகட்டிச் சரியான விடை வந்தது. புரதங்கள் அந்தப் படையில் மிதக்கும் பாய்மச் சித்திரவடிவு மாதிரியை சிங்கரும் நிக்கல்சனும் 1972 இல் தந்தார்கள். சுக்குரோசு பெரியது, நீரோடு ஒட்டுவது. வால்களின் எண்ணெய்ப் படையை எளிதில் கடக்காது. நீர் அதனூடாக மெல்லக் கசியும். வேகமாகப் போவது அக்குவாபோரின் என்ற புரத வாயில்களால். பீற்றர் அக்ரேயின் குழு 1992 இல் அதை நிறுவியது, நோபல் பரிசு 2003 இல். எங்கள் கொப்பிகளில் அந்தச் சொல்லே இல்லை.

உள்ளே கரையங்கள் இவ்வளவு சேர்ந்ததற்கும் மென்சவ்வே காரணம். தாவரக் கலம் தன் சக்தி மூலக்கூறான ஏரிபியைச் (ATP) செலவழித்து ஐதரசன் அயன்களை வெளியே தள்ளுகிறது. உட்புறம் எதிரேற்றம் (மறை மின்னேற்றம்) பெறுகிறது. அந்த இழுப்பில் பொற்றாசியம் தன் கால்வாய்களினூடாக உள்ளே வருகிறது.

இந்தச் செய்முறையை வெளிநாட்டுச் சமையலறையிலும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். சிவப்பு வெங்காயத்தின் நிறமுள்ள வெளிமேற்றோல் போதும்; கரைசலை மட்டும் 0.6, 0.7 மூலர் வரை கூட்டி வையுங்கள். சீனிக்குப் பதில் கிளிசரீன் வேண்டாம். அது மென்சவ்வினூடாக மெல்ல உள்ளே போகும், நீர் அதன் பின்னால் போகும், சுருங்கிய கலம் தானாக விரிந்து எண்ணிக்கையைக் கெடுக்கும். எண்ணி முடிந்ததும் மூடித்துண்டின் ஒரு ஓரத்தில் ஒற்றுத்தாளை வைத்து, மறு ஓரத்தில் நீர் விடுங்கள். சில நிமிடங்களில் கத்தரிப்பூ நிறம் சுவர்வரை திரும்பி வரும்.