தொண்ணூறு நாள் நோட்டீஸ்

11 ஏப்ரல் 2025, வெள்ளி

பெருங்குடியில் ஒரு வீட்டின் மாடியில் இயங்கும் ஸ்டார்ட்அப்பிலிருந்து வேலைக் கடிதம் வந்துவிட்டது. மளிகைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் அந்த நிறுவனத்தில் மொத்தம் 28 பேர். இப்போதைய சம்பளத்தைவிட மாதம் 18,000 ரூபாய் கூடுதல். அதோடு 2,000 ஈசாப் பங்குகள், அதாவது ஊழியர்கள் பின்னாளில் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையுள்ள நிறுவனப் பங்குகள். நேர்காணலுக்குப் போனபோது வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே என்னுடையதையும் கழற்றிவிட்டு உள்ளே போனேன். இப்போது இருக்கும் நிறுவனத்திலோ என் அடையாள அட்டை இல்லாமல் லிஃப்ட்கூடத் திறக்காது.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை முதல் நாள். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் சொன்னேன்.

“கம்பெனி ஆரம்பிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?”

“மூணு வருஷம்ப்பா.”

“உன் பைக் அதைவிடப் பழசுடா.”

அவர் கேட்காத கேள்விதான் என்னை உறுத்துகிறது. 2022இல் அவருக்கு ஸ்டென்ட் வைத்த செலவை என் அலுவலகத்தின் குழுக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. புதிய இடத்தின் காப்பீட்டிலோ பெற்றோருக்கு இடமில்லை. அவருக்குத் தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. கூடுதலாக வரும் 18,000 ரூபாயை இதன் எதிரே வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய தொகையாகத் தெரியவில்லை.

19 ஏப்ரல், சனி

ஈசாப் என்றதும் நண்பர்கள் எல்லோரும் சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானதையும், அதனால் ஊழியர்கள் பலர் கோடீஸ்வரர்கள் ஆனதையுமே சொல்கிறார்கள். பட்டியலாகாமலே மூடப்பட்ட நிறுவனங்களின் ஈசாப் கடிதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆகவே நானே கணக்குப் போட்டேன். முதல் ஆண்டு முடியும்வரை ஒரு பங்குகூட என்னுடையதாகாது; ஓராண்டுக் காத்திருப்பு கம்பெனிச் சட்ட விதியிலேயே இருக்கிறது. அதன்பின் மீதி மூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேரும். பங்கு ஒன்றுக்கு நான் கட்ட வேண்டியது 10 ரூபாய். கடைசியாக முதலீட்டாளர் கொடுத்த விலை 600 ரூபாய். இன்றைய விலையிலேயே 2,000 பங்குகளையும் வாங்குவதாக வைத்துக்கொண்டால், விலைக்கு 20,000 ரூபாய் போக, இடையிலுள்ள 11,80,000 ரூபாயும் சம்பளமாகக் கருதப்பட்டு, 30 சதவீத வரியே மூன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. அதுவும் ஒரு பங்கைக்கூட விற்பதற்கு முன்னால்! வரியைத் தள்ளிப்போடும் சலுகை அதற்கெனத் தனிச் சான்றிதழ் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கே உண்டு. இவர்களிடம் அது இல்லை. எனவே ஈசாப்பின் மதிப்பைப் பூஜ்யம் என்றே எழுதிக்கொண்டேன்.

26 ஏப்ரல், சனி

நிறுவனரிடம் நேரடியாகவே கேட்டேன்: “கையில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும்?” அவர் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் கடைகளின் எண்ணிக்கைக்குக் கீழே 14 என்று எழுதினார். வருமானம் இதே வேகத்தில் கூடினால் 17 என்று பக்கத்தில் எழுதியவர், கொஞ்சம் யோசித்து அந்த 17ஐ மட்டும் கையாலேயே அழித்துவிட்டார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

பங்குகளைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, பெற்றோரையும் குழுக் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும்படி சேர்க்க முடியுமா என்று கேட்டேன். காப்பீட்டு நிறுவனத்திடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

30 ஏப்ரல், புதன்

சேர்க்கலாமாம். பிரீமியத்தில் பாதி என் சம்பளத்தில் பிடிக்கப்படும். கடிதத்தைத் திருத்தி அனுப்பிவிட்டார்கள்.

2 மே, வெள்ளி

இத்தனை நாளும் நான் சபித்துவந்த தொண்ணூறு நாள் நோட்டீஸ் இப்போது எனக்கே உதவுகிறது. நான் வேலையில் சேர்ந்தது 2020 டிசம்பர் 1. இன்று ராஜினாமா கொடுத்தால் ஜூலை 31 வரை இருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி செய்திருந்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. அன்றோடு எனக்கு 243 நாள் ஆகிறது. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்பதால் ஏறத்தாழ 1,15,000 ரூபாய் வர வேண்டும். எங்கள் மனிதவளத் துறை முழு ஐந்தாண்டைத்தான் கேட்கும், வாதாட வேண்டியிருக்கும்.

மாலை 4:10க்கு மின்னஞ்சலை அனுப்பினேன். மேலாளர் 4:12க்கே பதில் போட்டுவிட்டார்: “திங்கள் காலை பேசுவோம், அதுவரை டீமில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.”