போர் தண்ணீரும் புதிய மீன் தொட்டியும்

தருமபுரியில் ஒரு வீட்டுக்குப் பெரும்பாலும் மூன்று வகைத் தண்ணீர் வருகிறது: போர் தண்ணீர், குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர், வாசலில் இறக்கிவிட்டுப் போகும் கேன் தண்ணீர். நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் பட்ட பாட்டை இந்த மாவட்டம் நன்றாக அறியும். அதைத் தீர்க்கத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த அச்சத்தோடே வளர்ந்த நாம், மீன் தொட்டி வாங்கியதும் மீனுக்காவது நல்ல தண்ணீர் கொடுப்போம் என்று கேன் கேனாக ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி நிரப்புகிறோம். புதிய தொட்டிக்கு இது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும், மிஞ்சிய தீனி அழுகுவதாலும் தொட்டியில் அம்மோனியா சேர்கிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. அம்மோனியா செவுளை அரிக்கும். நைட்ரைட் இரத்தத்தில் கலந்து ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். நைட்ரேட் மட்டும் ஓரளவு பொறுத்துக்கொள்ளக் கூடியது; வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவதாலும், மணிபிளான்ட் கொடியின் வேரைத் தொட்டிக்குள் விட்டு வைப்பதாலும் அது கட்டுக்குள் இருக்கும். இந்த பாக்டீரியாக்கள் புதிய தொட்டியில் போதிய அளவில் இருப்பதில்லை. அவை ஃபில்டர் ஸ்பான்ஜிலும் கூழாங்கற்களிலும் ஒட்டிப் பெருகுவதற்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த வாரங்களை மீன் இல்லாமல் கடப்பதைத்தான் தொட்டியை சைக்கிள் செய்வது என்கிறோம்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். அம்மோனியாவை மாற்றும் வேலையில் இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் உள்ள கார்பனேட்டைச் செலவழிக்கின்றன. தண்ணீர் அமிலமாகாமல் காக்கும் இந்தக் காரத்தன்மை, ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ 7 கிராம் கரைந்துபோகிறது. உப்புகளை வடிகட்டி எடுத்துவிட்ட ஆர்.ஓ. தண்ணீரில் அந்த இருப்பு மிகக் குறைவு. ஆகவே சில நாட்களில் பி.எச். (அமில, கார நிலையைக் காட்டும் அளவு) சரிந்து, 6-க்குக் கீழே போனதும் பாக்டீரியாவின் வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வாளியில் வெள்ளைப் படிவு விடுகிறது, ஹீட்டர் காயிலில் உப்புப் பூக்கிறது என்று நாம் நாள்தோறும் திட்டும் போர் தண்ணீரில் அந்தக் கார்பனேட் ஏராளமாக உள்ளது. இந்த உயிர்களுக்கு அதுவே விருந்து.

ஆனால் அதே தண்ணீரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. போரிலிருந்து வந்தவுடன் 7-ஐ ஒட்டிக் காட்டும் பி.எச்., ஏர் பம்ப் இரவு முழுவதும் ஓடிய பிறகு, கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறி 8-ஐத் தாண்டிவிடக் கூடும். தண்ணீர் 28 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது, பி.எச். 7-ல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் (அம்மோனியமாக மாறாத அம்மோனியாவாக) இருப்பதில்லை, பி.எச். 8-ல் அது 6 பங்குக்கு மேல் போகிறது. அதாவது, டெஸ்ட் கிட் ஒரே அளவு அம்மோனியாவைக் காட்டினாலும், மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் மீன் தாங்கிக்கொள்வது நம் ஊரில் தாங்காமல் போகலாம். "ரெண்டு மீன விட்டுப் பாருங்க, அதுவே பழகிக்கும்" என்று கடையில் சொல்லும் யோசனையை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். பழகுவதற்குள் அந்த இரண்டு உயிர்களின் செவுளும் வெந்துபோகும்.

மீன் இல்லாமல் பாக்டீரியாவுக்கு உணவு கொடுக்க எளிய வழி அம்மோனியம் குளோரைடு. ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் நவச்சாரமும் அதுதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஆனால் அதன் தூய்மையை நம்ப முடியாது என்பதால் ஆய்வகத் தரத்தில் கிடைப்பதையே வாங்குவேன். பத்து கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து பாட்டிலில் வைத்துக்கொண்டால் அளப்பது சுலபம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில், கல்லும் மேல் இடைவெளியும் போக 50 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அதற்கு இந்தக் கரைசலில் 30 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அம்மோனியா கிடைக்கும். 5 மில்லிகிராமைத் தாண்டினால் பாக்டீரியாவே திணறும். ஒகேனக்கல் தண்ணீரைப் பயன்படுத்துபவர்கள் குளோரின் போகும்படி ஒரு நாள் காற்றோட்டத்துடன் வைத்திருந்தோ, ஆன்டி குளோரின் சொட்டு விட்டோதான் தொட்டியில் சேர்க்க வேண்டும்.

பிறகு இருப்பது காத்திருப்பு. முதல் வாரத்தில் தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கும். அது வேறு வகை பாக்டீரியாவின் பெருக்கம், தானாகத் தெளியும். தெளிந்ததும் என் அக்கா மகன், "மாமா, தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குது, இன்னும் ஏன் மீன் வாங்கல?" என்று கேட்டான். அவன் கையிலேயே டெஸ்ட் ட்யூபைக் கொடுத்தேன். ஐந்து மில்லி தண்ணீரில் நைட்ரைட் மருந்துச் சொட்டுகள் விழுந்ததும் நிறம் ஊதாவிலிருந்து கருஞ்சிவப்பை நோக்கிப் போனது. ட்யூபை அட்டையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அவன் வெகுநேரம் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தான். தெளிந்த தண்ணீர் நஞ்சாகவும் இருக்கலாம் என்பதை இதைவிட நன்றாக விளக்க எனக்குத் தெரியாது. நைட்ரைட் உச்சத்தில் நிற்கும் இந்தக் கட்டம்தான் பெரும்பாலும் மிக நீளமானது. மார்கழிக் குளிரில் இன்னும் நீளும்.

இதைச் சுருக்க விரும்பினால், நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருந்த ஸ்பான்ஜ் ஒன்றைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவந்து போடலாம். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை வாங்குவதானால் லேபிளைப் படியுங்கள். நன்னீர்த் தொட்டியில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-ல் வெளியான ஆய்வு காட்டியது.

அம்மோனியா ஊற்றிய 24 மணி நேரத்துக்குள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகிவிட்டால் தொட்டி தயார். சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதிக்கும் மேல் தண்ணீரை மாற்றிவிட்டு, நம் கடினமான தண்ணீரை விரும்பும் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவற்றில் சிலவற்றை மட்டும் விடலாம். நியான் டெட்ராவுக்கு இந்தத் தண்ணீர் ஏற்றதல்ல. ஸ்பான்ஜை ஒருபோதும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். நாள் முழுவதும் மின்தடை என்று அறிவித்தால் பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மீனைப் போலவே இந்த பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும்.