அடுத்தவர் குதிரை, நம் கொட்டகை

எங்கள் தோட்டம் காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் இருக்கிறது. செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டாங்காடு. பதினான்கு ஏக்கரில் ஒன்பது ஏக்கர் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மூன்று தலைமுறையாகக் காங்கேயம் மாடு வைத்திருக்கும் குடும்பம். அந்தியூர் குருநாதசாமி கோயிலில் ஆடித் திருவிழா நடக்கும்போது சந்தைக்குப் போய்க் குதிரைகளை வேடிக்கை பார்த்துவிட்டு வருவோம். எங்களுக்கும் குதிரைக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

2019 ஆடியில் என் அத்தை மகன் அந்தச் சந்தையில் மார்வாரி இனத்து ஆண் குதிரை ஒன்றை வாங்கிவிட்டார். அவருக்குத் திருப்பூரில் பனியன் தொழில். வீட்டைச் சுற்றிக் கார் நிறுத்தவே இடமில்லை. "மாப்பிள்ளை, ஒரு மாசத்துக்கு உங்க சாளையில கட்டிக்கட்டுமா?" என்று கேட்டார். ஒரு மாதம் என்றது ஒரு வருடம் ஆயிற்று. அந்தக் குதிரையைப் பார்க்க வந்த அவருடைய நண்பர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொன்று வாங்கி, "மாசாமாசம் பணம் குடுத்தர்றோம், இங்கயே இருக்கட்டுங்க" என்றார்கள். 2021 தைக்குப் பிறகு முறையாகக் காசு வாங்க ஆரம்பித்தேன். இன்றைக்கு எட்டுக் குதிரைகள் நிற்கின்றன. ஒன்றுகூட என்னுடையது இல்லை.

இப்படி அடுத்தவர் குதிரையைக் காசுக்கு வைத்துப் பார்க்கும் யோசனையில் இருப்பவர்கள் கொங்குப் பக்கம் இப்போது நிறையப் பேர் என்னைத் தேடி வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது கொட்டகை கட்ட எவ்வளவு ஆகும் என்பதுதான். கொட்டகை சுலபம். மாட்டுக்காரனுக்குத் தடுக்குவது தீனியில்தான்.

முதல் குதிரை வந்த அன்று அப்பா சொன்னார்: "நாலு கால் சீவன் தானப்பா, மாட்டுக்குப் போடறதையே போடு." நானும் அப்படித்தான் நினைத்தேன். கொறங்காட்டில் அவிழ்த்து விட்டோம். கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு நின்றது. குதிரை ஆசையாக மேய்ந்தது. சாயங்காலம் ஊறவைத்த கொள்ளும் கோதுமைத் தவிடும். ஏழெட்டு மாதம் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் முன்னங்கால், இன்னொரு நாள் பின்னங்கால் என்று மாறி மாறி நொண்டியது. தீனியை மெல்ல நேரமாயிற்று. முகத்தில் இரண்டு பக்கமும் எலும்பு லேசாகப் புடைத்த மாதிரி தெரிந்தது. எங்கள் ஊர் மாட்டு வைத்தியருக்கு அது பிடிபடவில்லை. குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவரைக் கோவையிலிருந்து கூட்டி வந்தேன்.

அவர் குதிரையைத் தொடுவதற்கு முன்னால் புல்லைத்தான் பார்த்தார். கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் என்கிற பொருள் அதிகம். அது புல்லிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் பெரிய வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்த ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. தின்ற புல்லில் கிடைக்காத சுண்ணாம்பை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. போதாததற்கு நான் போட்ட தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். காங்கேயம் காளையை எலும்பும் திமிலுமாக வளர்த்த அதே புல், குதிரையின் எலும்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. நான் எதையும் வெளியிலிருந்து வாங்கிப் போடவில்லை. எங்கள் காட்டில் சிறந்தது எதுவோ அதைத்தான் போட்டேன். அதனாலேயே இந்த விஷயம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மருந்தாக அவர் எழுதித் தந்தது சுண்ணாம்புச் சத்துத் தூள். கூடவே தீனியில் குதிரைமசால் என்கிற தீவனப் பயிரைச் சேர்க்கச் சொன்னார். நம் ஊரில் குதிரைமசால் போட்டவர்கள் எல்லோரும் கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் அறுத்துப் போட்டுத்தான் பார்த்திருக்கிறேன். பேரிலேயே குதிரை இருக்கிறது, குதிரைக்குப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. கிணற்றுப் பாசனத்தில் அரை ஏக்கர் போட்டோம். கால் நொண்டல் நிற்க நான்கு மாதம் ஆனது. கொறங்காட்டில் இப்போதும் மேய்க்கிறோம், ஆனால் அது மட்டுமே தீனி என்று விடுவதில்லை. கோ ரக நேப்பியர் புல்லிலும் இதே சிக்கல் உண்டு. "அஞ்சு ஏக்கர் நேப்பியர் இருக்குதுங்க, தீனிச் செலவே இல்லை" என்று சொல்லிக்கொண்டு குதிரை வைக்க வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது இதைப் பற்றித்தான்.

அந்த மருத்துவர் அன்று இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனார். பல்லடம், நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. கோழித் தீவனத்தில் இரத்தக் கழிச்சல் நோய்க்காகச் சேர்க்கும் மோனென்சின் போன்ற மருந்துகள் கோழிக்கு ஒன்றும் செய்யாது, குதிரைக்கு இதயத்தைக் கெடுத்து உயிரை எடுத்துவிடும். கொஞ்சமே போதும். கோழிப்பண்ணையில் மிஞ்சிய தீவனம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிக் கொட்டுவது, கோழித் தீவனம் அரைத்த இயந்திரத்திலேயே குதிரைக்கும் அரைத்து வாங்குவது, இரண்டும் கூடாது. எங்கள் கொட்டகைக்குத் தானியத்தை முழுதாக வாங்கி இங்கேயே உடைத்துக்கொள்கிறோம். வேலியோரம் பூவுக்காக வைத்திருந்த அரளிச் செடிகளையும் அன்றைக்கே வேரோடு பிடுங்கினோம்.

கொட்டகைக்கு பழைய மாட்டுச் சாளையையே பிரித்துக் கட்டினோம். ஒரு குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, உள்ளே கட்டாமல் அவிழ்த்து விடும்படி. இங்கே ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வாரி அடிக்கும், அதனால் மேற்குச் சுவரை மட்டும் முழுதாக அடைத்து, வடக்கையும் தெற்கையும் காற்றுக்குத் திறந்து விட்டோம். தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்தோம், சித்திரையில் அது இல்லாமல் முடியாது. தரையில் தென்னைநார்க் கழிவைப் பரப்புகிறோம். வெள்ளகோவில் பக்கம் மில்களில் கிடைக்கிறது, ஈரத்தை நன்றாக இழுக்கும். இங்கே வருகிற குதிரைகளில் பெரும்பாலானவை விதை நீக்காத ஆண் குதிரைகள். பக்கத்து அறையில் பெட்டைக் குதிரை நின்றால் இராத்திரி முழுக்கச் சுவரை உதைக்கும். பெட்டைகளுக்குத் தோட்டத்தின் மறுகோடியில் தனிக் கொட்டகை போட்ட பிறகுதான் எல்லோரும் தூங்கினோம்.

முள்கம்பியை மட்டும் எடுத்துவிடுங்கள். மாடு கம்பியைப் பார்த்தால் நிற்கும். குதிரை பயந்தால் பார்க்காது. ஒரு பெட்டைக் குதிரை, பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிக் கால் சதையைக் கிழித்துக்கொண்டது. குதிரைக்கு இரணஜன்னி (டெட்டனஸ்) சட்டென்று பிடிக்கும். தடுப்பூசி போட்டிருந்ததால் தப்பித்தது. அதற்கப்புறம் கிளுவை வேலிக்கு உள்பக்கமாகக் கல்கால் நட்டு, சவுக்குக் கழி மூன்று வரிசை கட்டினோம்.

லாடத்திலும் மாட்டுப் பழக்கம் உதவவில்லை. எங்கள் பக்கம் காளைக்கு லாடம் அடிக்க ஆள் இருக்கிறார்கள். கயிறு போட்டுக் காளையைக் கீழே சாய்த்துத்தான் அடிப்பார்கள். குதிரையை நிற்க வைத்து, காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். குளம்பும் பிளவில்லாத ஒற்றைக் குளம்பு, சீவுகிற விதமே வேறு. 45 நாளுக்கு ஒரு முறை கோவையிலிருந்து ஆள் வருகிறார். ஒரே நாளில் எட்டுக் குதிரைக்கும் பார்த்துவிடுவதால் வண்டிச் செலவு பகிர்ந்து போகிறது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் ஒரு குதிரைக்கு மாதம் 7,000 ரூபாய் வாங்கினேன். புல் நம் தோட்டத்தது, இடம் நம்முடையது, லாபம்தானே என்று நினைத்தேன். ஒரு வருடம் கழித்து என் மனைவிதான் நோட்டை எடுத்து உட்கார்ந்து எழுதினாள். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கிலோ காய்ந்த தீனி வேண்டும். அது சோளத்தட்டோ உலர்ந்த புல்லோ, நம் தோட்டத்ததாக இருந்தாலும் சந்தையில் விற்றால் என்ன விலையோ அதைத்தான் போட வேண்டும் என்றாள். அப்படிப் போட்டால் நாளைக்கு 65 ரூபாய். கொள்ளு, கடலை, ஓட்ஸ் எல்லாம் சேர்ந்து 80. படுக்கைக்கு 30. மாதத்துக்கு 5,000 தாண்டிவிட்டது. ஆள் சம்பளம் 18,000, அன்றைக்கு ஐந்து குதிரைதான். கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு குதிரைக்கும் நாங்கள் கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது 13,500 வாங்குகிறேன். லாடம், ஊசி, மருந்து தனி. ஒருவர் விலகிப் போனார், மற்றவர்கள் நோட்டைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

தோட்டத்தில் நடப்பதால் இது விவசாயக் கணக்கில் வரும் என்று நம்பியிருந்தேன். வராது. ஜிஎஸ்டி விலக்கில் உயிரின வளர்ப்புச் சேவைகளைச் சொல்லும் இடத்திலேயே 'குதிரை வளர்ப்பு நீங்கலாக' என்று இருப்பதை ஆடிட்டர் காட்டினார். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். நான் இன்னும் அதற்குள்தான் இருக்கிறேன். கிணற்று மோட்டாரின் இலவச மின்சாரத்திலிருந்து கொட்டகைக்கு ஒயர் இழுக்காதீர்கள், தனி இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, 2022 பங்குனியில் ஓர் இராத்திரி நடந்தது. பத்தரை மணிக்கு ஒரு குதிரை படுத்துப் புரண்டது. எழுந்து விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, முன்காலால் தரையைப் பறித்தது. காலையிலிருந்து லத்தி போடவில்லை. விலாவில் காதை வைத்தேன். எப்போதும் கேட்கும் கடமுடச் சத்தம் இல்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றில் சிக்கியது கீழேதான் போக வேண்டும். நாடி நிமிடத்துக்கு 64 இருந்தது. சும்மா நிற்கும் குதிரைக்கு நாற்பதுக்குள் இருக்க வேண்டும். மருத்துவருக்குப் போன் செய்தேன். "தீனி எல்லாத்தையும் எடுத்துருங்க, மெதுவா நடத்துங்க, கிளம்பறேன்" என்றார். குதிரையின் சொந்தக்காரர் வெளிநாட்டில். போன் எடுக்கவில்லை. வீட்டிலும் எடுக்கவில்லை.

மருத்துவர் வந்து வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் திரவ பாரஃபின் ஏற்றினார். செலவு எவ்வளவு போகலாம், மோசமானால் எங்கே கொண்டு போவது என்று அவர் என்னைத்தான் கேட்டார். அடுத்தவர் உயிருக்கு நான் எப்படிச் சரி சொல்வது? சொன்னேன். விடிகாலை நாலரைக்கு லத்தி போட்டது. அதில் ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் கரைத்துக் காட்டினார். அடியில் மணல் படிந்தது. கோடையில் புல் கட்டையாகி வேரோடு மண்ணைத் தின்றிருக்கிறது, உதறாமல் போட்ட கடலைக்கொடியிலும் மண். அன்றிலிருந்து கடலைக்கொடியைத் தட்டி உதறாமல் போடுவதில்லை, தீனியைத் தரையில் போடுவதே இல்லை.

மூன்று நாள் கழித்துப் பேசிய சொந்தக்காரர், "என்னைக் கேக்காம ஏனுங்க இவ்வளவு செலவு பண்ணுனீங்க?" என்றார். குதிரை பிழைத்து நிற்கிறது. அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப வலித்தது. பாதிப் பணம்தான் வந்தது. அப்புறம் தாராபுரத்தில் ஒரு வக்கீலிடம் போய் ஒப்பந்தம் எழுதினேன். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போலப் பார்க்க வேண்டும் என்று அவர் விளக்கினார். எங்கள் தாள் இரண்டே பக்கம். அவசரத்தில் 25,000 ரூபாய் வரை நானே முடிவெடுக்கலாம். சொந்தக்காரர் கிடைக்காவிட்டால் யாரைக் கேட்பது என்று இன்னொரு பேர். காப்பாற்ற முடியாது என்று மருத்துவர் சொன்னால் என்ன செய்வது என்பது. இரண்டு மாத முன்பணம், ஏனென்றால் பணம் வராத மாதத்திலும் குதிரை தின்னும். கையெழுத்துப் போடாதவர் குதிரையை நான் இறக்குவதில்லை, அத்தை மகனாக இருந்தாலும். அவர் முதல் ஆளாகப் போட்டார்.

அந்தத் தாளில் கடைசியாகச் சேர்த்தது, சந்தையிலிருந்து வரும் குதிரை 21 நாள் தனிக் கொட்டகையில் நிற்க வேண்டும் என்பது. தனி வாளி, தனிச் சீப்பு, அதைப் பார்க்கிற ஆள் கடைசியாகத்தான் அங்கே போவார். கிளாண்டர்ஸ் என்கிற நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் ஒட்டும், வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதற்கான இரத்தப் பரிசோதனையை முடித்துத் தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் மற்றக் குதிரைகளோடு விடுவோம்.

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒருவர் பேசினார். இந்த ஆடிக்கு அந்தியூரில் இரண்டு குதிரை வாங்கப் போகிறாராம், இரண்டையும் நேராக இங்கே இறக்கிவிடலாமா என்று கேட்டார். தனிக் கொட்டகை ஒன்றுதான் இருக்கிறது. ஒன்றை அனுப்புங்கள், பரிசோதனை முடியட்டும், அடுத்ததை அப்புறம் பார்க்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரிங்க, ஒண்ணே வாங்கறேன்" என்றார். தனிக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்க நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.