பெல் அடித்தால் மழை

ஜூனில் பள்ளி திறந்த வாரத்தில் ஆரம்பித்த மழைமானி, ஐப்பசி பாதியில்தான் நம்பிப் பார்க்கிற நிலைக்கு வந்திருக்கிறது. நடுவில் இரண்டு தடவை தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. செய்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன், வேறு யாராவது மலைப்பக்கம் இதே வேலையில் இறங்கினால் உதவும்.

நான் கோத்தகிரியில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் பொறுப்பில் இருக்கிறேன். பிள்ளைகளுக்கு "கம்ப்யூட்டர் சார்". லேப், புரொஜெக்டர், எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, கேமரா, பேப்பர் சிக்கும் பிரிண்டர் என்று பிளக் உள்ள எதுவானாலும் என் தலையில்தான். பள்ளி பெல்லின் டைமரும் என் பொறுப்பு. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மழைமானி ஆசை வந்ததற்குக் காரணம் எங்கள் மலையேதான். டிவியில் நீலகிரியில் கனமழை என்பார்கள், இங்கே துணி காய்ந்துகொண்டிருக்கும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அது தென்மேற்குக் காற்று நேராக மோதுகிற பக்கம். நாங்கள் கிழக்குச் சரிவில் இருக்கிறோம், எங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிசு. ஒரு மேடு தாண்டினால் கணக்கு மாறிவிடும். ஆகவே எங்கள் பள்ளி வளாகத்தில் எவ்வளவு பெய்தது என்பது எங்கள் வளாகத்தில் வைத்து அளந்தால்தான் தெரியும்.

செய்முறை ஒன்றும் புதிதல்ல. புனலில் விழும் தண்ணீர் சீசா மாதிரி ஆடுகிற ஒரு சின்ன இரட்டைத் தொட்டியில் சொட்டும். ஒரு பக்கம் நிரம்பினால் சாய்ந்து கொட்டிவிட்டு மறுபக்கத்தைப் புனலுக்கு நேராகக் கொடுக்கும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தம் ரீட் சுவிட்சை, அதாவது காந்தம் கிட்டே வந்தால் மூடிக்கொள்ளும் சின்ன சுவிட்சை, தாண்டிப் போகும், நிரல் ஏற்றிய சின்ன எலக்ட்ரானிக் போர்டு ஒன்று எண்ணும். புனலைப் பாத்திரக்கடையில் வாங்கினேன், எவர்சில்வர், வாய் 16 சென்டிமீட்டர். பரப்பு 201 சதுர சென்டிமீட்டர், அதாவது 1 மில்லிமீட்டர் மழைக்கு 20.1 மில்லி தண்ணீர். தொட்டி 5 மில்லியில் சாய்ந்தால் ஒரு சாய்வு கால் மில்லிமீட்டர். பேப்பரில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

முதல் தொட்டியை லேப்பில் குவிந்து கிடந்த சிடி டப்பாக்களை வெட்டி ஒட்டிச் செய்தேன். ஒரே வாரத்தில் விரிசல். இரண்டாவது, செத்துப்போன டிவிடி டிரைவின் மேல் தகட்டை மடக்கிச் செய்தது, அச்சுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. காந்தத்துக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்தேன், புத்திசாலித்தனம் என்று நினைத்துத்தான். அந்தக் காந்தம் வெளித் தகரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு தொட்டியை ஒரு பக்கமாகவே நிற்க வைத்துவிட்டது, உரித்தெடுக்கும்போது என் விரல் நகத்தையும் ஒரு கை பார்த்தது. கடைசியில் பிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மையின் காந்தமே போதும் என்று ஆனது. ரீட் சுவிட்ச் கோயம்புத்தூரில் வாங்கியது. கண்ணாடிக் குழல், காலை மடக்கும்போதே இரண்டு உடைந்தன, பத்தாக வாங்கியதால் பிழைத்தேன்.

தொட்டி எத்தனை மில்லியில் சாய்கிறது என்று பார்க்கச் சிரிஞ்சில் ஊற்றிப் பார்த்தேன், கை நடுங்குவதில் தடவைக்கு ஒரு கணக்கு வந்தது. அப்புறம் மருந்துக்கடையில் டிரிப்ஸ் செட் ஒன்று வாங்கி, அரை லிட்டர் பாட்டிலை லேப் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு 67 சொட்டுப் போல வைத்தேன். வாட்ச்மேன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கு சார் உடம்பு சரியில்ல?" என்றார். இரண்டரை மணி நேரத்தில் 91 சாய்வு. வர வேண்டியது 100. தொட்டிக்கு அடியில் இரண்டு பக்கமும் தாங்கலாக இருக்கிற திருகுகளைக் கொஞ்சம் உயர்த்தினால் தொட்டி சாய்ந்து நிற்கும் கோணம் குறையும், சீக்கிரம் கவிழும். அரைத் திருகு, கால் திருகு என்று மூன்று நாள் சாயங்காலம் போனது. 99 வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

போர்டை வெளியில் வைக்க முடியவில்லை. காய்கறித் தோட்டத்தின் பக்கம், மரம் கூரை எதுவும் மறைக்காத இடத்தில்தான் மானியை நட்டிருந்தேன், அங்கே வைஃபை எட்டாது. எனவே போர்டு லேப்பில், மானி வெளியே, நடுவில் 35 மீட்டர் ஒயர். லேப்பில் மிஞ்சிக் கிடந்த நெட்வொர்க் கேபிளை எடுத்து, வராந்தாவில் ஏற்கெனவே ஓடிய ஒயர் பட்டைக்குள்ளேயே செருகிவிட்டேன். வேலை மிச்சம் என்று அன்றைக்கு ரொம்பத் திருப்தி.

ஆடி மாதம், தூறல் நின்று நான்கு நாள் நல்ல வெயில். தினம் மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் மழை என்று பதிவு. மஞ்சு (மூடுபனி) இறங்கிப் புனலில் சொட்டியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், எங்கள் ஊரில் அது நடக்கக்கூடியதுதான். ஆனால் மஞ்சு பட்டப்பகலில் வெயிலோடு இறங்குமா? அடுத்து ஒயர் இணைப்பைச் சந்தேகப்பட்டேன், பிறகு எறும்பை, பிறகு ஒன்பதாம் வகுப்புப் பையன்களை. புனலுக்கு முன்னால் இடைவேளை முழுக்க நின்று காவலும் காத்தேன். ஒருத்தனும் கிட்டே வரவில்லை, போய்ப் பார்த்தால் கணக்கில் இரண்டு சாய்வு ஏறியிருந்தது.

ஞாயிறு மட்டும் சுத்தமாகப் பூஜ்யம். அதைப் பார்த்த பிறகுதான் மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு சாய்வின் நேரத்தையும் வரிசையாக அச்சடித்தேன். 9.20. 9.40. 10.20. 11.00. 11.10. இந்த நேரங்களை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எங்கோ என்ன, பெல் டைமரில் போட்டதே நான்தானே! அதற்குள் பின்னால் நின்ற ஒரு பெண் பிள்ளை, "சார், பெல் அடிச்சா மழை பெய்யுது சார்" என்றாள். லேப் முழுக்கச் சிரிப்பு.

காரணம் எளிது. எங்கள் பெல் பழைய காலத்து மின்காந்த பெல். அடிக்கும்போது உள்ளே இருக்கும் தொடுப்பு படபடவென்று விட்டு விட்டுச் சேரும், ஒவ்வொரு முறை விடும்போதும் காயிலிலிருந்து ஒரு பெரிய மின் உதறல் கிளம்பும். நான் சோம்பேறித்தனமாகச் செருகிய பட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பெல்லின் ஒயர்தான். பக்கத்தில் 35 மீட்டர் நீளத்துக்கு என் ஒயர். சுவிட்ச் திறந்திருக்கும்போது ஒயரில் வோல்டேஜை மேலே பிடித்து வைப்பது மேலிழுப்பு ரெசிஸ்டர்; போர்டின் உள்ளேயே இருப்பது ரொம்ப பலவீனம், அந்த உதறலைச் சுவிட்ச் மூடியதாக எடுத்துக்கொண்டது. இன்னொரு முட்டாள்தனமும் என்னுடையது: கேபிளுக்குள் ஜோடி ஜோடியாக முறுக்கி வைத்திருப்பதே இந்த மாதிரித் தொந்தரவு இரண்டு கம்பியிலும் சமமாக விழுந்து அடிபட்டுப் போகத்தான், நானோ ஆரஞ்சு ஜோடியில் ஒன்றும் நீல ஜோடியில் ஒன்றும் எடுத்திருந்தேன். பத்து வருஷமாக நெட்வொர்க் ஒயர் கடிக்கிறவன் செய்கிற காரியமா இது.

ஒயரைப் பட்டையிலிருந்து உருவிச் சுவரின் எதிர்ப்பக்கமாகக் கொண்டு போனேன். ஒரே ஜோடியின் இரண்டு கம்பிகளையும் பயன்படுத்தினேன். வெளியே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், கூடவே 100 நானோஃபாரட் கெபாசிட்டர். நிரலில், ஒரு சாய்வுக்குப் பின் 300 மில்லி நொடிக்குள் வருவதைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு வரி முன்பே இருந்தது, அது சுவிட்ச் ஒரு தடவை மூடும்போதே துள்ளிப் பல தடவையாக எண்ணப்படாமல் இருப்பதற்கு. மறுநாள் பெல் அடிக்க அடிக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பீரியட் பெல்லுக்கும் அசையவில்லை. எச்.எம். அந்தப் பக்கம் வந்தவர் நான் ஏன் பெல் அடித்ததும் சிரிக்கிறேன் என்று கேட்கவில்லை, பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மற்ற தொந்தரவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரண்ட் போய் வந்தால் ரூட்டர் எழுந்திருக்கும் முன்பே போர்டு எழுந்துவிடும், நேரம் தெரியாமல் 1970 ஜனவரி 1 என்று எழுதிவிடும். கோத்தகிரியில் அந்த நாளில் பெய்த மழை என்று என்னிடம் ஒரு நீளமான பட்டியலே இருக்கிறது. பட்டன் செல் வைத்த கடிகார மாட்யூல் போட்டதும் தீர்ந்தது. பவர் பேங்க் வைத்துப் பார்த்தேன், போர்டு இழுக்கும் மின்சாரம் போதாது என்று அதுவாகவே அணைந்துவிடுகிறது, லேப் யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரிக்கு மாறினேன். ஈரத்தில் சாலிடர் பச்சை பிடித்தது, வீட்டம்மாவின் நெயில் பாலிஷ் இரண்டு கோட்டிங். சில்வர் ஓக் இலை புனலை அடைத்தது, கம்பி வலை. குரங்கு புனலைக் கழற்றி எடுத்துக்கொண்டு கூரை மேல் போய் உட்கார்ந்தது, அதற்கு மூன்று போல்ட். காற்றழுத்த சென்சார் 815 மில்லிபார் காட்டியதும் கெட்டுப்போச்சு என்று அறிவியல் டீச்சர் முடிவே செய்துவிட்டார்கள். 1013 என்பது கடல் மட்டத்துக் கணக்கு, நாம் இருப்பது ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், 815 தான் சரி என்று கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டியிருந்தது.

என் கணக்கு சரியா என்று ஒப்பிட வேறொரு மானி வேண்டும் இல்லையா, அதற்கு என் மாமா கிடைத்தார். வீட்டம்மாவின் அப்பா. தேயிலை எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்தவர், மழைப் பதிவேடு பல வருஷம் அவர் கையில் இருந்தது. பக்கத்து எஸ்டேட்டில் 5 அங்குல வாய் கொண்ட பழைய சைமன்ஸ் மானி, தண்ணீரைச் சேர்த்துக் கையால் அளக்கிற வகை, இன்னும் இருக்கிறது, காலை 8.30க்கு அளந்து எழுதுகிறார்கள், அவர் நடைக்குப் போகும்போது பார்த்துவிட்டு வந்து போன் செய்வார். சிக்கல் என்னவென்றால் எஸ்டேட் பழக்கத்தில் மழை இன்ச்சிலும் சென்ட்டிலும்தான். நூறு சென்ட் ஒரு இன்ச், அதாவது 25.4 மில்லிமீட்டர். "மில்லிமீட்டர் எல்லாம் எனக்கு எதுக்கு மாப்ள, எத்தனை இன்ச்சு எத்தனை சென்ட்டு, அதைச் சொல்லுங்க" என்பார்.

தூறல் நாட்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. போன வாரம் ஒரு சாயங்காலம் இடியோடு அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. காலையில் மாமா, "ஒரு இன்ச்சு அறுபத்திரண்டு சென்ட்டு" என்றார். 41.1 மில்லிமீட்டர். என்னிடம் 153 சாய்வு, 38.25. ஏன் குறைகிறது என்று டிரிப்ஸ் பாட்டிலை மறுபடி தொங்கவிட்டேன், இந்த முறை 15 நிமிடத்தில் அரை லிட்டரும் இறங்குகிற மாதிரித் திறந்துவிட்டு. 92 சாய்வுதான் வந்தது. தொட்டி சாய்கிற அந்தக் கண நேரத்தில் வரும் தண்ணீரும் நிரம்பிய பக்கத்திலேயே விழுந்து கணக்கில்லாமல் கொட்டிவிடுகிறது, பலத்த மழையில் இந்தச் சேதாரம் கூடும். இந்த வகை மானி எல்லாவற்றுக்கும் உள்ள குறைதான். இப்போதைக்கு, இரண்டு சாய்வுக்கு நடுவில் 10 நொடிக்குக் குறைவாக இருந்தால் ஒரு சாய்வை 0.25க்குப் பதில் 0.27 மில்லிமீட்டர் என்று எடு என நிரலில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இது நிலைக்குமா என்று அடுத்த இடிமழைதான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் 64.5 என்ற எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், வானிலைத் துறை கனமழை என்று சொல்ல ஆரம்பிக்கும் அளவு அது. திரையில் 30 தாண்டினாலே "சார், நாளைக்கு லீவா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கலெக்டர் என் மானியைப் பார்த்து லீவு விடுவதில்லை என்று எத்தனை தடவை சொல்வது.

மாமாவுக்காகத் தனியாக இன்ச்–சென்ட் பக்கம் ஒன்றும் போட்டுக் கொடுத்தேன். நேற்றுக் காலை போன். "மாப்ள, ராத்திரி வெறும் தூறல்தானே, அரை இன்ச்சுனு போட்டிருக்கீங்க?" பார்த்தால் பெய்தது 5 சென்ட், என் நிரல் முன்னால் பூஜ்யம் வைக்காமல் 0.5 என்று காட்டியிருக்கிறது. இப்போது 0.05.