சித்திரை வெயிலில் ஹார்ட் டிஸ்க்கைக் கவனியுங்கள்

ஏப்ரல் வந்தாலே ரங்கூனில் நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: பிராசஸர் 90 டிகிரி காட்டுகிறதே, லேப்டாப் கருகிவிடுமா? கருகாது. இன்டெல்லின் பெரும்பாலான லேப்டாப் பிராசஸர்களுக்கு உச்சவரம்பு 100 டிகிரி, ஏஎம்டியில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. அந்த வரம்பை நெருங்கினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறிச் சூடு ஏறினால் மெஷினே அணைந்துவிடும். வீடியோ எடிட் செய்யும்போது 85, 90 என்று ஏறுவது சகஜம். சும்மா இருக்கும்போதே 70ஐத் தாண்டி நின்றால்தான் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா, பிராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

எனக்குப் பயமெல்லாம் ஹார்ட் டிஸ்க் மேல்தான். லேப்டாப்பில் போடும் இரண்டரை இஞ்ச் டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் 60 டிகிரி வரை என்று தயாரிப்பாளர்கள் போடுகிறார்கள், அது எல்லைக்கோடு, அங்கேயே நிறுத்தி ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. 45க்குள் இருந்தால் எனக்கு நிம்மதி, 50ஐத் தொட்டால் வேலையை நிறுத்திவிடுவேன். சூடு ஏறினால் சுற்றைக் குறைப்போம் என்பது அதனிடம் கிடையாது. நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் கொதித்தாலும் 5400தான். தகவல் பதியும் தட்டுக்கும் அதன்மேல் மிதந்து அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான், அதனால்தான் இந்தப் பயம். ஃபேன் காற்று பிராசஸருக்குப் போகிறது, டிஸ்க்கோ பெரும்பாலும் நாம் உள்ளங்கை வைக்கும் இடத்துக்குக் கீழே காற்றில்லாமல் கிடக்கிறது.

2007இல் கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவில், மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் நினைத்த அளவு தொடர்பு இல்லை என்றார்கள். உண்மைதான், ஆனால் மூன்று நான்கு வருடம் ஓடிய டிஸ்க்குகளில் சூடு கூடக் கூடப் பழுது கூடியதையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். நாம் செகண்ட் ஹேண்டில் வாங்குவதெல்லாம் அந்த வயதைத் தாண்டியவைதானே.

அப்புறம் நம் ஊர் வெயில். 2024 ஏப்ரல் 28 அன்று மக்வே பக்கம் சௌக்கில் 48.2 டிகிரி பதிவானது. ரங்கூனில் அவ்வளவு ஏறாது, ஆனாலும் கரண்ட் போய் ஃபேன் நின்ற அறையில் மதியம் 38 இருந்தால், அறையைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடவே இருக்கும் டிஸ்க் அப்போதே 50. ஆப்பிள் தன் மேக்புக்குகளை 35 டிகிரிக்கு உட்பட்ட இடத்தில்தான் பயன்படுத்தச் சொல்கிறது.

இதில் மோசமான நேரம் கரண்ட் திரும்பி வரும் நேரம். காலியான பேட்டரி சார்ஜ் ஏறும், அதுவே ஒரு சூடு, கூடவே விட்ட வேலையைப் பிடிக்க வேண்டுமென்று கல்யாண வீடியோ முழுவதையும் காப்பி போடுவோம், அதுவும் மெத்தைமேல் வைத்துக்கொண்டு. தயவுசெய்து முதலில் சார்ஜ் ஏறட்டும். பெரிய காப்பியை விடியற்காலையில் வையுங்கள், பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். விண்டோஸ் பவர் செட்டிங்கில் பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கினால் டர்போ, அதாவது தானாக வேகத்தை ஏற்றிக்கொள்ளும் வசதி, நின்று பெட்டி முழுவதுமே நன்றாகச் சூடு குறையும். சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாற முடிந்தால் இன்னும் நல்லது, அது பொதுவாக 70 வரை தாங்கும், சூடானால் வேகத்தையும் தானே குறைத்துக்கொள்ளும்.

டிஸ்க்கின் சூட்டைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற புரோகிராம் இலவசம்தான். லேப்டாப்பைத் திறந்தவுடன் பார்க்காமல், அரை மணி நேரம் காப்பி ஓடிய பிறகு பாருங்கள். 50ஐத் தாண்டினால் அன்றைக்கே பேக்கப் எடுங்கள், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம், போட்டோக்களை முதலில், பிறகு ஆறவிட்டு மற்றதை.