லைட் வேற லைன்

“லைட் மட்டும் எரியுதே, எப்படி?”

மேடையை விட்டு இறங்கி நேராக என் மேசைக்கு வந்து அவன் கேட்டது இவ்வளவுதான். அவன் முடியிலிருந்து வியர்வை மிக்ஸர் மேல் சொட்டியது. “லைட் வேற லைன்” என்றேன். அவன் ஒருமுறை மேடையைத் திரும்பிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “சரி” என்றான்.

1990களின் நடுப்பகுதியில் ஓர் இரவு நடந்தது இது. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஒலி வேலையிலேயே ஓடிவிட்டது. கல்யாண விருந்து, கெத்தாய் என்கிற சீனர்களின் பேய் மாத மேடைக் கச்சேரி, கோயில் திருவிழா, சமூக மன்ற விழா என்று எத்தனை மேடைகளோ. அந்தச் “சரி” மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. நம்பிச் சொன்ன சரியா, இல்லை, தெரிந்துகொண்டு என்னை விட்டுவிட்டுப் போன சரியா?

லைட் வேற லைனில் இருந்தது உண்மை. அதற்கு முன்னால் நான் சொன்ன “கரண்ட் ட்ரிப் ஆயிருச்சு” என்பதுதான் பொய். மேடைக்குப் போன மின்சாரத்தை நிறுத்தியது நான்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் பங்க் கச்சேரி நடத்தியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. 90களின் தொடக்கத்தில் ஸ்லாம் டான்ஸுக்கு, அதாவது ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஆடும் பங்க் ஆட்டத்துக்கு, தடை வந்தது. பொதுக் கேளிக்கை உரிமத்துக்குப் போலீஸிடம் போய் நிற்க வேண்டும். வைப்புத்தொகை கட்ட வேண்டும். கூட்டம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தால் அந்தப் பணம் போனதுபோலத்தான், அடுத்த முறை உரிமம் கிடைப்பதும் சந்தேகம்தான். ராக் என்றாலே சந்தேகமாகப் பார்ப்பது 70களிலேயே தொடங்கியது. நீளமுடி வைத்த ஆண்களுக்கு அரசு அலுவலகங்களில் கடைசியில்தான் சேவை என்று சுவரொட்டி ஒட்டிய காலம் அது. எங்கள் தலைமுறை அதன் வால்பகுதியில் வந்து மாட்டிக்கொண்டது.

இந்த வேலைக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நானும் கூட்டத்துக்குள் நின்று இடித்தவன்தான். ஆர்மீனியன் ஸ்திரீட்டில், நாடகக்காரர் குவோ பாவ் குன் 1990இல் தொடங்கிய சப்ஸ்டேஷன் கலை மையத்தின் பின்பக்கத் தோட்டம்தான் எங்கள் இடம். பழைய துணைமின்நிலையக் கட்டடம் அது, பெயரும் அதிலிருந்துதான். பக்கத்தில் அப்போது சிவப்புச் செங்கல் தேசிய நூலகம் இருந்தது. அதை ஒட்டிய கோப்பிக்கடையில் ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காரலாம். பெனின்சுலா கடைத்தொகுதிக்குப் போனால் கிட்டார் கடைகள். வாங்கக் காசில்லாமல் வேடிக்கை பார்ப்போம். பிக்ஓ என்ற உள்ளூர் ராக் இசைப் பத்திரிகையை ஒருவர் வாங்கினால் ஏழு பேர் படிப்போம். ஜெராக்ஸ் தாளாக ஆரம்பித்த பத்திரிகை அது என்பதே எங்களுக்குப் பெரிய தைரியம். ஆப்போசிஷன் பார்ட்டி, ஸ்டாம்பின் கிரவுண்ட் என்று உள்ளூர்க் குழுக்களின் கேசட்டுகள் கைமாறி வரும்போது பாதி இரைச்சல்தான் மிஞ்சியிருக்கும். முதல் தடவை வீட்டில் போட்டபோது அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, “எந்த வீட்டுலடா சண்டை?” என்று கேட்டார்.

எங்கள் கூட்டத்தில் மலாய்ப் பையன்கள்தான் அதிகம். சீனர்கள் இருந்தார்கள், யூரேஷியர்கள் இருந்தார்கள், எங்களைப்போல் கைவிட்டு எண்ணக்கூடிய தமிழர்கள் இருந்தோம். அன்று மேடையில் பாடிய அவனும் நானும் ஒரே புளோக். எனக்கு எட்டாவது மாடி, அவனுக்கு ஐந்தாவது. ஜாமிங் ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்ட ஐந்து பேர் காசு சேர்த்த நாட்களில் என் பங்கும் அதில் இருந்தது. எனக்கு வாசிக்க வரவில்லை. வயர் பிடிப்பேன், ஆம்ப் தூக்குவேன். அப்படித்தான் ஒலி வேலைக்குள் வந்தேன்.

தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பயிற்சி முடிந்ததும் ஒலிக்கருவி வாடகைக்கு விடும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். ஓர் இரவுக்கு 40 வெள்ளி. அன்றைய கச்சேரிக்கு ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எங்கள் சாமான்தான் போனது. பையன்கள் என் ஆட்கள் என்பதால் தவுக்கே, அதாவது முதலாளி, என்னை மட்டும் அனுப்பினார். லாரியில் ஏற்றும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: “ஆட்டம் ஆரம்பித்தால் சத்தத்தை நிறுத்து. கேட்டால் கரண்ட் போய்விட்டது என்று சொல்.” அந்தப் பொய்கூட என் சொந்தப் பொய் இல்லை. ஆனால் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வாயைத் திறந்து சொன்னது நான்தானே.

மூன்றாவதாக அவன் பாடிய குழு ஏறியது. இரண்டாவது பாட்டில் கூட்டம் நடுவில் விலகி வட்டமானது, ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. வாசலில் சட்டையை உள்ளே விட்ட இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மஃப்டி போலீஸ் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் தவுக்கேயின் குரல் வந்துவிட்டது. மிக்ஸரில் மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் மாஸ்டர் ஃபேடரில் கை வைத்துக் கீழே இழுத்தேன்.

இந்த வேலை தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும். சின்ன மண்டபத்தில் ஃபேடரை இழுத்தால் பாடுகிறவன் குரல் மட்டும்தான் போகும். கிட்டார் ஆம்பும் பேஸ் ஆம்பும் மேடையிலேயே இருக்கின்றன, டிரம்ஸுக்கு மைக்கே தேவையில்லை. குரல் போனதைக் கூட்டம் கவனிக்கக்கூட இல்லை. அவன் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தான். நிமிர்ந்து என் பக்கம் கையைத் தூக்கி, “மேலே ஏத்து” என்று சைகை காட்டினான்.

அப்போது நான் நிறுத்தியிருக்கலாம். அதாவது, நிறுத்துவதை நிறுத்தியிருக்கலாம். ஃபேடரை மேலே தள்ளியிருந்தால் ஏதோ கோளாறு, சரியாகிவிட்டது என்று போயிருக்கும். திரும்பத் திரும்ப நான் போய் நிற்பது இந்த இடத்தில்தான்.

அந்த நேரத்தில் வட்டத்துக்குள் ஒன்று நடந்தது. ஒரு பையனின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. உடனே இரண்டு பேர் முதுகைக் கொடுத்துக் கூட்டத்தைப் பின்னால் தள்ளினார்கள். மூன்றாவது ஆள் குனிந்து தேடினான். எடுத்து, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, யாருடையது என்று சுற்றிக் காட்டினான். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. வட்டம் மறுபடி மூடியது. பத்து நொடி இருக்கும். இதை முழுக்கப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் காலடியில் இருந்த, மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூஷன் பெட்டிக்குக் குனிந்து மேடைக்குப் போகும் பிரேக்கரைத் தட்டினேன்.

பேஸ் ஆம்பிலிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம். அப்புறம் டிரம்ஸ் மட்டும். டிரம்மருக்கு நின்றுபோனதே தெரியவில்லை, அடித்துக்கொண்டே இருந்தான். கூட்டம் ஆடுவதை விட்டுவிட்டது. ஆனால் கலையவில்லை. முன்வரிசையில் யாரோ பாட்டை எடுத்துக் கத்த, மண்டபம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. மைக் இல்லாமல், கிட்டார் இல்லாமல், நூற்றைம்பது பேர் டிரம்ஸுக்குப் பாடி அந்தப் பாட்டை முடித்தார்கள். லைட் எல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. என் மிக்ஸர் விளக்கும்.

அப்புறம்தான் அவன் இறங்கி வந்து கேட்டது.

கால் மணி நேரம் கழித்துப் பிரேக்கரைப் போட்டேன். மீதிக் கச்சேரி அமைதியாக நடந்து முடிந்தது. யாரும் ஆடவில்லை. வைப்புத்தொகை திரும்பக் கிடைத்தது. கட்டியது தேசிய சேவைப் படிகளிலிருந்து சேர்த்த பணம். அது போயிருந்தால் அவர்களால் அடுத்ததை நடத்தியிருக்கவே முடியாது. நடத்தினார்கள், இன்னும் இரண்டு. எனவே நான் செய்தது சரி என்று பல வருஷம் எனக்கே சொல்லி வந்தேன். ஆனால் பிரேக்கரில் கை வைத்த நொடியில் வைப்புத்தொகையை நினைத்தேனா? நேர்மையாகச் சொன்னால், தவுக்கேயைத்தான் நினைத்தேன். 40 வெள்ளியை நினைத்தேன். வைப்புத்தொகை பிறகு வந்து சேர்ந்துகொண்ட நியாயமாகக்கூட இருக்கலாம்.

சாமான் ஏற்றும்போது வாசலில் நின்ற இருவரில் ஒருவர் டிரம்மரின் மாமா என்று தெரிந்தது. சிம்பல் பையைத் தூக்கிக்கொண்டு அவனோடு போனார். இன்னொருவர் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. அவர் போலீஸாக இருந்திருந்தால்? இருந்திருக்கலாம்.

பிறகு பெரிய மேடைகளுக்குப் போனேன். 2000இல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட இசை விழாவில் பேர்ல் ஜாம் என்ற ராக் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது நெரிசலில் ஒன்பது பேர் இறந்தார்கள். 2021இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்ட் இசை விழாவில் பத்துப் பேர். அங்கே ஆட்கள் மயங்கி விழுந்த பிறகும் மேடையில் பாட்டு போய்க்கொண்டே இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று தூங்கவில்லை. ஒலி மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும், தயங்கக் கூடாது. என்னிடம் வேலை கற்ற பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லியிருக்கிறேன். முதலில் கூட்டத்தைப் பார், விழுந்தவனை யாராவது தூக்குகிறார்களா என்று பார், தூக்கவில்லை என்றால் யாரையும் கேட்காமல் நிறுத்து.

இதைச் சொல்லும்போதெல்லாம் உயர்த்திப் பிடித்த அந்தக் கண்ணாடி என் கண்ணில் வரும். அன்று நானும் பார்த்தேன். தூக்கினார்கள். இருந்தும் நிறுத்தினேன்.

அப்படியென்றால் ஆபத்தைத் தடுக்க நிறுத்தினேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. விதிக்குக் கட்டுப்பட்டேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த விதி யாரைக் காப்பாற்றியது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் தோட்டத்தில் சிராய்ப்பு உண்டு, வீங்கிய உதடு உண்டு, பல் போனவன்கூட உண்டு. கால்பந்துத் திடலில் அதைவிட அதிகம் நடக்கும். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சண்டையாகத் தெரிந்திருக்கும், அம்மாவுக்குக் கேசட் கேட்டதுபோல. உள்ளே இருந்து பார்த்தவனான நான் வெளியே இருப்பவனின் வேலையைச் செய்தேன். சம்பளத்துக்கு வேலை செய்கிற எவனுக்கும் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்துக்கொள்வேன். ஆறுதலாகத்தான் இருக்கும், கொஞ்ச நேரம்.

இதில் என்னை மிகவும் குழப்புவது வேறு. எங்கள் கூட்டத்தில் அந்த இரவுக்கு ‘கரண்ட் போன கச்சேரி’ என்று பெயர். அவர்கள் வாசித்ததிலேயே சிறந்தது அதுதான் என்கிறான் அவன். மைக் இல்லாமல் ஊரே பாடியது என்கிறான், எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. 2021இல் சப்ஸ்டேஷன் அந்தக் கட்டடத்தைவிட்டு வெளியேறியபோது பழைய ஆட்கள் போனில் பேசிக்கொண்டோம். அப்போதும் அவன் முதலில் எடுத்தது அந்தக் கதையைத்தான். பிரேக்கரை நான் தட்டாமல் இருந்திருந்தால் அந்த நூற்றைம்பது குரல்கள் எழுந்தே இருக்காது. உண்மையைச் சொன்னால் யாருக்கு நல்லது? எனக்கு மட்டும்தானோ என்று தோன்றுகிறது. ஆனால் சொல்லாமல் இருப்பதும் எனக்குத்தான் நல்லது.

போன வருஷம் அவன் மகளின் கல்யாண விருந்துக்கு நான்தான் சவுண்ட். அவன் மகன் ஒரு குழுவில் பேஸ் வாசிக்கிறான். கல்யாணம் முடிந்து எனக்கு உதவியாக வயர் சுற்றினான். முறுக்கில்லாமல், ஒரு வளையம் மேலே, ஒரு வளையம் கீழே என்று சரியாகச் சுற்றத் தெரிந்திருந்தது. “அங்கிள், அந்தக் கரண்ட் போன கச்சேரியில நீங்கதான் சவுண்டாமே? அப்பா நூறு தடவ சொல்லியிருக்காரு. நீங்க சொல்லுங்க” என்றான்.

அவன் அப்பா நான்கு மேசை தள்ளி, நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான். கேட்கும் தூரம்தான்.

சொன்னேன். முதல் இரண்டு குழுக்களிலிருந்து ஆரம்பித்தேன். வட்டம் விழுந்தது, கண்ணாடி விழுந்தது, அதைத் தூக்கிக் காட்டியது, எல்லாம் விடாமல் சொன்னேன். அப்புறம் கரண்ட் ட்ரிப் ஆனது என்றேன். “அப்ப லைட்?” என்று பையன் கேட்டான்.

“லைட் வேற லைன்” என்றேன்.

நான்கு மேசைக்கு அப்பாலிருந்து அவன், “ஆமா, வேற லைன்” என்றான்.