கல்வெட்டு வேலையும் கலை வேலையும்

"நீங்கள் என்ன மாதிரி ஆர்ட்டிஸ்ட்?" என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அச்சுப்படம் செய்கிறேன், ஒலிப்பதிவு செய்கிறேன், வீடியோ எடுக்கிறேன், சில வேளை துணியிலும் வேலை நடக்கும். திறமை கூடிப்போய் இப்படி ஆகவில்லை. எந்த வீட்டில் இருந்தோம், எந்தச் சாமான் கைக்கு வந்தது, எவ்வளவு நேரம் மிஞ்சியது என்பதை வைத்தே வேலை மாறிக்கொண்டு வந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் என்னோடு வளர்ந்த, கலைப் பக்கம் போன பலருக்கும் கதை கிட்டத்தட்ட இதுதான்.

நான் பிறந்தது 1985இல், யாழ்ப்பாணத்தில். விவரம் தெரிந்த காலத்தில் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவர அனுமதி இல்லை. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, டைனமோ வயரை கசெட் பிளேயரில் கொழுவி, ஒருத்தர் மிதிக்க வேண்டும். மாமா கேட்பார், நான் மிதிப்பேன். கால் களைத்தால் பாடகரின் குரல் இழுபட்டுக் கட்டைக்குரலாகிவிடும். "பிள்ளை, மிதியடி!" என்று மாமா கத்துவார். ஒலியைக் கையாலும் காலாலும் பிடித்து மாற்றலாம் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கொப்பிகள் எல்லாம் வீட்டோடு போயின. அவற்றில் இருந்த படங்களுக்காக நான் பெரிதாகக் கவலைப்பட்டதாக நினைவில்லை. சின்ன வயது.

அப்பா ஏற்கெனவே ரொறன்ரோவில் இருந்தார். நாங்கள் 1998இல் போய்ச் சேர்ந்தோம். எக்லின்டன் வீதிப் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட். அப்பாவுக்கு உணவகத்தில் இரவு வேலை. ஊரில் அம்மம்மாவிடம் தொலைபேசி இல்லை. அதனால் கசெட்டில் பேசி, ஊருக்குப் போகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவோம். பதில் கசெட் வர மாதக்கணக்கில் ஆகும். அம்மம்மா மைக்கைக் கண்டால் பேசமாட்டா. "எல்லாரும் சுகம்தானே" என்றுவிட்டு நிறுத்திவிடுவா. மீதி நேரமெல்லாம் கிணற்றுக் கப்பி கிறீச்சிடுகிற சத்தம், கோழி, யாரோ படலை திறக்கிற சத்தம். அம்மாவுக்கு அது வீணாய்ப் போன ரேப். நான் அந்தக் கப்பிச் சத்தத்தை இன்னொரு கசெட்டில் திரும்பத் திரும்பப் பதிந்து, இருபது நிமிடக் கப்பியாக்கி வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

1999இல் ஒன்பதாம் வகுப்பு. ஒன்ராறியோவில் அந்த வருடம்தான் புதிய பாடத்திட்டம் வந்தது. டிப்ளோமா எடுக்க ஏதாவது ஒரு கலைப் பாடம் கட்டாயம். ஆங்கிலம் குறைவாகத் தேவைப்படும் என்று ஓவியத்தை எடுத்தேன். இது பெரிய கலைத் தாகம் ஒன்றும் இல்லை.

உண்மையான படிப்பு வேறு இடத்தில் நடந்தது. தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசப் பத்திரிகைகள் அடுக்கியிருக்கும் அல்லவா, அப்படி ஒன்றை அடிக்கிற இடத்தில் பகுதிநேர வேலை. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளில் பாமினி என்ற தமிழ் எழுத்துருவைத் தட்டத் தெரிந்தால் போதும், சேர்த்துக்கொண்டார்கள். நகைக்கடை விளம்பரம், சாமத்திய வீட்டு அழைப்பிதழ், மரண அறிவித்தல். எல்லாவற்றையும் விட அதிகமாகக் கல்வெட்டு. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகம் அது. படம், இறந்த திதியைச் சொல்கிற வெண்பா, தேவாரம், வம்ச வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல் என்று ஒழுங்கு இருக்கும்.

சிக்கல் படத்தில்தான் வரும். இடம்பெயர்ந்த குடும்பங்களில் முக்கால்வாசிப் பேரிடம் இறந்தவரின் தனிப் படம் இருக்காது. அடையாள அட்டைப் படம், இல்லையென்றால் யாருடையவோ கல்யாணத்தில் எடுத்த குறூப் படம். நான் அதை ஸ்கான் செய்து, அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐயில் பெரிதாக்கி, ஆளை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் நீல வானம் போட வேண்டும். வெட்டி முடிந்தபின் பார்த்தால் தோளில் இன்னொருவரின் கை கிடக்கும். நாலு விரல், சில வேளை ஒரு மோதிரம். அந்தக் கையை எடுத்துவிட்டு, அதன் கீழே சேலைக் கரை எப்படிப் போயிருக்கும் என்று ஊகித்து, பக்கத்துத் துணியை எடுத்து ஒட்டி நிரப்ப வேண்டும். மடிப்பு எந்தப் பக்கம் விழும், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் எனக்கு அந்தத் தோள்களில்தான் படிந்தது. பிற்பாடு கல்லூரியில் உருவ வரைதல் வகுப்பில் ஆசிரியர் சொன்னது பாதி ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது. வெட்டிய கைகளை அழிக்க மனம் வரவில்லை. ஒரு தனி டிஸ்கில் போட்டு வைத்தேன்.

2003இல் பள்ளி முடித்தேன். பழைய பதின்மூன்றாம் வகுப்பை ஒழித்ததால் அந்த வருடம் இரண்டு செட் மாணவர்கள் ஒன்றாக வெளியே வந்தார்கள். பல்கலைக்கழக இடத்துக்கு அடிபிடி. நான் விண்ணப்பித்தது ஒன்ராறியோ கலை வடிவமைப்புக் கல்லூரிக்கு. அதற்கு முந்தின வருடம்தான் அது பட்டம் வழங்குகிற உரிமை பெற்றிருந்தது. வீட்டில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். பெயரில் 'டிசைன்' என்று இருந்தது என்னைக் காப்பாற்றியது. அப்பா அதைக் கொம்பியூட்டர் வேலை என்று எடுத்துக்கொண்டார். நானும் திருத்தப் போகவில்லை. மக்கோல் வீதியில் அப்போது வில் ஆல்சொப் வடிவமைத்த புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. 26 மீற்றர் உயரத்தில், சாய்ந்த வண்ணக் கால்கள் மேல் நிற்கிற வெள்ளைப் பெட்டி. 2004இல் திறந்தார்கள். அதைப் பார்க்க வந்த அம்மா, "கால் பலமோ?" என்று மட்டும் கேட்டா.

நேர்முகத்துக்கு ஓவியங்களோடு இரண்டு கல்வெட்டுகளையும் கொண்டுபோயிருந்தேன். இருந்தவர்கள் ஓவியங்களைப் புரட்டிவிட்டு, கல்வெட்டைத்தான் நெடுநேரம் பார்த்தார்கள்.

சில்க் ஸ்கிரீன், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி வழியாக மையைத் தள்ளி அடிக்கிற அச்சு, வந்தது பேஸ்மென்டால். படிக்கிற காலத்தில் நாங்கள் ஒரு வீட்டின் பேஸ்மென்டுக்கு, நிலத்துக்குக் கீழான தளத்துக்கு, மாறினோம். எண்ணெய் ஓவியம் அங்கே சரிவராது. ஜன்னல் இல்லை, மணம் மேல் வீட்டுக்குப் போகும். ஆனால் சட்டத்தில் பூசுகிற ஒளியுணர் பசை இருட்டில்தான் காய வேண்டும். இருட்டுக்கு எங்களிடம் பஞ்சம் இல்லை! காய்ந்த சட்டத்தின் மேல் படத்தின் ஃபிலிமை வைத்து பல்ப் வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் தண்ணீரில் கழன்று போகும். கழுவுவதற்கு உடுப்புத் தோய்க்கிற தொட்டி. "உடுப்புக்கு இருக்கிற தொட்டி, பச்சையாய்க் கிடக்குது" என்று அம்மா ஏசுவா. பசை பச்சை நிறம். அந்தத் தொட்டியில் முதலில் கழன்று தெளிந்தது டிஸ்கில் கிடந்த கைகளில் ஒன்று.

ஊரில் போர் முடிந்த 2009 பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. அந்த வருடம் ரொறன்ரோ யூனிவர்சிற்றி அவெனியூவில் ஆர்ப்பாட்டத்தில் நின்ற ஆட்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு படமே இல்லாத கல்வெட்டுகள் வந்தன, திதி சரியாகத் தெரியாத கல்வெட்டுகளும். கைகளை வெள்ளைச் சீலைத் துணியில் அடித்துத் தொங்கவிட்டு, அம்மம்மாவின் கப்பிச் சத்தத்தைப் பின்னால் ஓடவிட்ட என் முதல் கண்காட்சி அந்த வேலையின் நடுவில்தான் உருவானது. துணியும் ஒலியும் ஒரே அறைக்குள் வந்தது அப்போதுதான். காகிதத்தில் அடித்துப் பார்த்திருந்தேன், அது போஸ்டர் மாதிரி இருந்தது. துணி ஆட்கள் பக்கத்தில் நடக்கும்போது அசைந்தது. அது போதும்.

மானியத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் தலையிடி. காண்பியக் கலையா, ஊடகக் கலையா, எந்தத் துறை? ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். துணி என்றால் ஒலிக்குக் காசு கேட்க முடியாது, ஒலி என்றால் துணியை விளக்க இடம் இல்லை. 2017இல் கனடா கலைக் கவுன்சில் துறைவாரியான திட்டங்களைக் கலைத்து ஒரு சில பெரிய திட்டங்களாக்கியது என் போன்ற ஆட்களுக்கு உண்மையிலேயே உதவியது. விண்ணப்பங்களை வாசித்து முடிவெடுப்பவர்களும் கலைஞர்களே என்பதால் பட்ஜெட்டில் கதை விட முடியாது; மை என்ன விலை என்று அவர்களுக்கும் தெரியும்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது காசு விஷயம்தான். கனடாவில் விற்பனைக்கு அல்லாமல் பொதுக் காட்சிக்கு வைத்தாலே கலைஞருக்குக் கட்டணம் உண்டு. 1968இல் ஒன்ராறியோவின் லண்டன் நகரத்து ஓவியர்கள் தொடங்கிய கார்ஃபாக் என்ற அமைப்பு இதற்காகப் போராடி, 1988இல் காட்சியுரிமை பதிப்புரிமைச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கட்டணப் பட்டியலை வருடாவருடம் வெளியிடுகிறார்கள். வருமானம் நாலு காலாண்டில் 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்டி என்ற விற்பனை வரிக்குப் பதிய வேண்டும்; நம்மில் அநேகருக்கு அந்தக் கவலை சீக்கிரம் வராது.

இந்தக் கட்டணப் பட்டியல் எங்கட ஆட்களிடம்தான் செல்லாது. ஊர்ச் சங்க ஆண்டு விழாவுக்கு மேடைப் பின்திரை வேண்டும், மலருக்கு அட்டை வேண்டும், பத்து நிமிட வீடியோ வேண்டும். மண்டபத்துக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு, சவுண்ட் காரருக்கும் காசு. என்னிடம் வரும்போது, "தங்கச்சி, உங்கட பெயரைப் பெரிசாய்ப் போடுவம்." கோபித்துக்கொண்டு ஒதுங்கியும் பார்த்தேன், சரிவரவில்லை. என் வேலைக்கு வேண்டிய படங்களும் குரல்களும் இந்த வீடுகளில்தான் இருக்கின்றன. இப்போது பேசி முடித்த கையோடு விலை எழுதி, கார்ஃபாக் பட்டியலும் இணைத்து அனுப்பிவிடுவேன். சிலர் அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. எடுப்பவர்களிடம் அரைவாசியை முற்பணமாகக் கேட்கிறேன். கல்வெட்டு என்றால் மட்டும் இன்றைக்கும் காசு பேசுவதில்லை, கொடுப்பதைக் கொடுக்கட்டும்.